பழைய வணிகக் கட்டடத்தின் மொட்டைமாடியில் மரத்தளம் அமைக்கலாமா?

கேள்வி: சென்னை பாரிமுனையில் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக, 1920களில் கட்டப்பட்ட வணிகக் கட்டடம் இருக்கிறது. கீழே கடைகள், மாடியில் அலுவலகங்கள். மொட்டைமாடியில் மரத்தளம் அமைத்துச் சிற்றுண்டிக் கடைக்கு வாடகைக்கு விட எண்ணுகிறோம். "தற்காலிக அமைப்புதான், அனுமதி வேண்டாம், பழைய தளத்தின் மேல் கான்கிரீட் போட்டு உறுதியாக்கித் தருகிறேன்" என்கிறார் ஒப்பந்ததாரர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். அவர் சொன்ன இரண்டில் பின்னதுதான் அதிக ஆபத்தானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் காலத்துப் பாரிமுனைக் கட்டடங்கள் பலவற்றுக்கும் மெட்ராஸ் டெரஸ்தான் கூரை. தேக்குக் கட்டைகளைச் சுமார் ஒன்றரை அடி இடைவெளியில் பரப்பி, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டமாகக் குத்துவசத்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்திருப்பார்கள். இந்தத் தளம் குடித்த ஈரத்தை வெயிலில் தானே உலர்த்திக்கொள்ளும். மேலே சிமென்ட் கான்கிரீட் போட்டுவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றிக் கீழிறங்கி, சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டை முனைகளில் தங்கிவிடும். கட்டையின் நடுப்பகுதி இரும்பு போல இருக்க, முனை மட்டும் மக்கிப் போவது இப்படித்தான்.

ஆகவே முதல் வேலை, ஏணி போட்டு மாடி அறைகளின் உட்கூரையில் சுவரை ஒட்டிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது. சுத்தியலால் தட்டும்போது நல்ல கட்டை கணீரென்று ஒலிக்கும். பொத்தென்று கேட்டாலோ, மெல்லிய திருப்புளி சிரமமின்றி உள்ளே இறங்கினாலோ அந்தக் கட்டையை மாற்றியாக வேண்டும். தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தே உறுதிச் சான்றிதழ் எழுதித் தருபவர்களும் நம் ஊரில் உண்டு. அந்தக் காகிதம் எந்தக் கட்டையையும் தாங்காது.

இரண்டாவது, பாரக் கணக்கு. இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875, ஆட்கள் ஏறும் சாதாரணக் கூரைக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோவும், உணவகத்துக்கு ஏறத்தாழ 400 கிலோவும் நகரும் பாரமாக, அதாவது ஆட்கள், மேசை நாற்காலிகளின் எடையாக, கொள்ளச் சொல்கிறது. அழகுக்காக வைக்கும் செடித்தொட்டியில் ஓரடி ஆழத்துக்கு ஈரமண் இருந்தால் அதுவே சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டும். நூற்றாண்டுக் கட்டைகள் மீது இதை ஏற்றவே கூடாது. பாரம் தாங்கும் சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் பழைய தளத்தைத் தொடாமல் இரும்பு உத்திரங்களைக் குறுக்கே போட்டு, மரப்பலகைகளை அவற்றின் மேல், கழற்றி எடுக்கும்படி அமைக்க வேண்டும். அப்போது பாரம் சுவருக்குப் போகும், பழைய தளத்துக்குக் காற்று கிடைக்கும், மழைநீர்க் குழாய்வாயை அடைப்பின்றித் துப்புரவு செய்யலாம். சுவரும் அஸ்திவாரமும் இதைத் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

இனி "தற்காலிகம்" என்ற வாதம். கூரையில் உணவகம் வந்தாலே கட்டடத்தின் பயன்பாடு மாறுகிறது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி விண்ணப்பித்தே ஆக வேண்டும். வெளியேற ஒரே ஒரு குறுகிய மரப்படிக்கட்டு மட்டும் இருந்தால் தீயணைப்புத் துறையிடம் தடையின்மைச் சான்று எதிர்பார்க்காதீர்கள். நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்த பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் உங்கள் கட்டடம் இருந்தால், பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் பாரம்பரியக் குழுவின் கருத்தும் தேவை. பாரம்பரிய ஆணையச் சட்டத்தை 2012இல் நிறைவேற்றி, நடைமுறைக்குக் கொண்டுவர 2024 வரை எடுத்துக்கொண்ட மாநிலத்தில், இந்தக் கருத்து விரைவில் வந்துவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அந்தத் தாமதத்தை விற்றுத்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

பாரிமுனைக்கே உரிய ஒரு சிக்கலை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டக் கல்லூரி வளாகத்தில் உள்ள டேவிட் யேல், ஜோசப் ஹின்மர் கல்லறை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னம். 2010இல் திருத்தப்பட்ட நினைவுச்சின்னச் சட்டப்படி, இத்தகைய சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. இந்தத் தூரத்தைச் சின்னத்தின் சுவரிலிருந்து அல்ல, பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து அளக்க வேண்டும். இடைத்தரகர்கள் சாலை வழியாக அளந்து "தாண்டிவிட்டது" என்பார்கள். தடைப்பகுதியில் 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த கட்டடத்தை அனுமதி பெற்றுப் பழுதுபார்க்கலாம், புதுப்பிக்கலாம். ஆனால் மேல்நோக்கிய எந்தச் சேர்ப்பையும் அந்தச் சட்டம் புதிய கட்டுமானம் என்றே வரையறுக்கிறது. உங்கள் மரத்தளத்தைப் பழுதுபார்ப்பு என்று எழுதி விண்ணப்பிக்கச் சொல்பவர், உங்கள் கையெழுத்தை வைத்து உங்களைத்தான் மாட்டிவிடுகிறார். 100 மீட்டருக்குள் இருந்தால் திட்டத்தைக் கைவிடுங்கள்; கட்டுப்படுத்தப்பட்ட பகுதியில் இருந்தால் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் அனுமதி கிடைக்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

இவற்றையெல்லாம் தாண்டினால், வரைபடத்துக்கு முன் மூங்கில் கழிகளை நட்டு, கைப்பிடியும் குடைகளும் வரும் உயரத்தில் துணி கட்டி, எதிர்நடைபாதையிலிருந்து பாருங்கள். துணி தெரிந்தால் பழைய முகப்பின் தோற்றம் கெடும்; தளத்தை உள்ளே தள்ளுங்கள். முகப்பின் பழைய கைப்பிடிச் சுவரை உயர்த்தி மறைக்க முயல வேண்டாம்.