‘இந்தக் கையேடு எங்களைக் கட்டுப்படுத்தாது’ என்று எழுதிவிட்டால் போதுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில், வெளி நிறுவனங்களின் கணக்கு வேலைகளை எடுத்துச் செய்யும் அலுவலகம் நடத்துகிறேன். 42 பேர் வேலை பார்க்கிறார்கள். அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர் தந்த எம்ப்ளாயி ஹேண்ட்புக்கைப் பார்த்து எங்களுக்கும் ஒன்று தயாரித்தோம். முதல் பக்கத்தில் ஒரு டிஸ்கிளைமர்: ‘இது ஒப்பந்தம் அல்ல. நிறுவனம் எதையும் முன்னறிவிப்பின்றி மாற்றலாம். காரணம் சொல்லாமல் யாரையும் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம்.’ இதை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முதல் வரியைத் திருத்தி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதைப் பாதியாகக் குறைக்க வேண்டும். மூன்றாவதை இன்றே எடுத்துவிடுங்கள்.

அந்த மூன்றாவது வரிக்கு அமெரிக்காவில் பொருள் உண்டு. மொன்டானா தவிர மற்ற மாநிலங்களில், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முதலாளி காரணம் சொல்லாமலே ஆளை நிறுத்தலாம் என்பதுதான் அங்கே பொது விதி. 1985-ல் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தின் மீதான வழக்கில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், ‘தக்க காரணமின்றி நீக்க மாட்டோம்’ என்ற வாக்குறுதி கையேட்டில் இருந்தால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தக்கூடும் என்றது. அப்படிக் கட்டுப்பட விரும்பாவிட்டால், அதைத் தெளிவாக, கண்ணில் படும் இடத்தில் எழுத வேண்டும் என்றும் சொன்னது. அந்த ஊர்க் கையேடுகளின் முதல் பக்கத்தில் இந்த வாசகம் தடித்த எழுத்தில் நிற்பது இதுபோன்ற தீர்ப்புகளால்தான். அங்கே அது முதலாளிக்கு ஏற்கெனவே உள்ள உரிமையைக் காக்கிறது. நமக்கு அந்த உரிமையே கிடையாது.

உங்கள் அலுவலகத்துக்குக் கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம், 1961 பொருந்தும். அதன் 39-வது பிரிவுப்படி, தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்தவரை நீக்க நியாயமான காரணம் வேண்டும். ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். ஒழுங்கீனம் என்றால் நோட்டீஸ் தேவையில்லை, ஆனால் விசாரணை நடத்தி அதை நிரூபித்திருக்க வேண்டும். சட்டம் ஊழியருக்குத் தந்த இந்தப் பாதுகாப்பை அவர் கையெழுத்தை வாங்கி அழிக்க முடியாது. சட்டத்தின் நோக்கத்தை முறியடிக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 23-வது பிரிவு. காரணமின்றி நீக்கும் அதிகாரத்தை 1986-லேயே உச்ச நீதிமன்றம் பிரஜோநாத் கங்குலி வழக்கில் செல்லாததாக்கியது. அது அரசு நிறுவனத்தைப் பற்றிய வழக்கு என்பதால் உங்களுக்கு நேராகப் பொருந்தாது. ஆனாலும் பேரம் பேசும் வலு இல்லாதவரிடம் வாங்கிய கையெழுத்தை நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்பதை அதில் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து ‘எதையும் மாற்றலாம்’ என்பது. உடை விதி, லேப்டாப் பயன்பாடு, பயணச் செலவுப் படிவம் இவற்றைத் தாராளமாக மாற்றுங்கள். சம்பளம், வேலை நேரம், விடுப்பு போன்றவை வேறு வகை. தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவரின் இந்த நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்ற, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பழைய 1947 தொழில் தகராறுகள் சட்டத்திலும் இதே 21 நாள்தான். கார்டில் ‘எக்ஸிக்யூட்டிவ்’ என்று போட்டிருப்பதால் ஒருவர் தொழிலாளி அல்ல என்று ஆகிவிடாது. அவர் நாள் முழுக்க என்ன வேலை செய்கிறார் என்றுதான் பார்ப்பார்கள்.

‘இது ஒப்பந்தம் அல்ல’ என்ற வரியில் ஒரு பொறி இருக்கிறது. நான் ஆலோசனை சொன்ன ஒரு நிறுவனம், கையேட்டை மீறினார் என்று ஒருவரை நீக்கியது. ‘மூன்று எச்சரிக்கைக்குப் பிறகே நீக்குவோம் என்று அதே கையேட்டில் இருக்கிறதே’ என்று அவர் கேட்டபோது, கையேடு எங்களைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். ஊழியரை மட்டும் கட்டுப்படுத்தும் ஏடு ஒன்று இருக்கவே முடியாது. கடைசியில் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். ஆகவே சம்பளம், நோட்டீஸ் பீரியட், ரகசியக் காப்பு எல்லாவற்றையும் அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் எழுதுங்கள். கையேடு நடைமுறையை விளக்கினால் போதும். கடைப்பிடிக்க முடியாத ‘மூன்று எச்சரிக்கை’ போன்ற வாக்குறுதிகளை அதில் எழுதவே எழுதாதீர்கள்.

நான் எழுதித் தருவது ஏறத்தாழ இப்படி இருக்கும்: ‘இக்கையேடு நிறுவனத்தின் நடைமுறைகளை விளக்குகிறது. இதற்கும் உங்கள் நியமனக் கடிதத்துக்கும் முரண் இருந்தால் கடிதமே செல்லும். சட்டத்தோடு முரண்பட்டால் சட்டமே செல்லும். நடைமுறைகளை நிறுவனம் எழுத்துமூலம் அறிவித்து மாற்றலாம். சட்டப்படி முன்னறிவிப்பு தேவைப்படும் மாற்றங்களுக்கு அதைத் தரும். சட்டம் உங்களுக்குத் தந்த எந்த உரிமையையும் இக்கையேடு குறைக்காது.’

கடைசி வாக்கியத்தைச் சில முதலாளிகள் அடிக்கச் சொல்வார்கள். நான் விடுவதில்லை. பேறுகால விடுப்போ பாலியல் துன்புறுத்தல் புகாரோ, எழுதாமல் விட்டாலும் அந்த உரிமை இருக்கத்தான் செய்யும்; எழுதினால் ஊழியருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும். 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடம் என்பதால், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013 சட்டப்படி, அத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு உங்களுக்குக் கட்டாயம். உறுப்பினர் பெயர்களைக் கையேட்டிலேயே போடுங்கள்.

ஆபீஸ் பாய், டிரைவர் எல்லோரிடமும் ஆங்கிலத் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்காதீர்கள். கன்னடத்திலும் தேவைப்பட்டால் தமிழிலும் ஒரு பிரதி கொடுங்கள். படிக்க முடியாதவருக்கு வாசித்துக் காட்டி, வாசித்தவரும் கையொப்பமிடட்டும். பழைய பக்கத்தில் ஏற்கெனவே கையெழுத்து வாங்கியிருந்தால், திருத்திய பதிப்பை எண்ணும் தேதியும் போட்டு எல்லோருக்கும் கொடுத்து மறுபடி வாங்குங்கள். பழையதைக் கிழித்துப் போடாமல் ஃபைலில் வையுங்கள்; எந்தத் தேதியில் எது நடப்பில் இருந்தது என்பதுதான் வழக்கு வந்தால் கேட்கப்படும் முதல் கேள்வி.