வாசகர் கேள்வி: இரண்டாவது குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

கேள்வி: ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. இன்னொன்று பெற்றுக்கொள் என்று வீட்டில் நச்சரிக்கிறார்கள். டிவியிலும் தமிழ்நாட்டில் பிறப்பு குறைகிறது, வடக்கே அதிகம், எம்.பி. சீட் போய்விடும் என்கிறார்கள். மாமியாருக்கு மூட்டு வலி, இனிமேல் கைக்குழந்தையைப் பார்க்க அவரால் முடியாது. நான் என்ன செய்வது?
– வாசகி, பேரணாம்பட்டு

பதில்: முதலில் அந்த எம்.பி. சீட் கவலையை விட்டுவிடுங்கள், அது டெல்லியில் பேசித் தீர்க்க வேண்டியது, அதற்காக நீங்கள் பிள்ளை பெற வேண்டியதில்லை.

குறைவது உண்மைதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகத் தமிழ்நாட்டில் 1.8 குழந்தை, உத்தரப் பிரதேசத்தில் 2.4, பீகாரில் 3. ஆனால் அதே பீகார் 2005-06இல் 4இல் இருந்தது. பெண்கள் படிக்கப் படிக்க, கல்யாண வயது தள்ளிப்போகப் போக, பிறந்த குழந்தை பிழைத்துவிடும் என்ற நம்பிக்கை வர வர எல்லா ஊரிலும் இறங்கும், நம் பக்கம் முன்னாலேயே இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். இன்னொன்று பெற்றுக்கொள் என்பவர்கள் யாரும் உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. இ.எஸ்.ஐ.யில் இரண்டாவது பிரசவத்துக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, அதாவது ஆறு மாதம். அங்கன்வாடியில் சேர்ப்பது இரண்டு வயதில். நடுவில் இருக்கிற ஒன்றரை வருஷம்? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று இந்தத் தோல் தொழிலில் இத்தனை பெண்கள் வேலைக்கு வர முடிகிறதென்றால், வீட்டில் ஒரு பாட்டி பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பதால்தான். பாட்டிக்கு முடியாமல் போனால் வேலையை விடுவது அம்மாதான், அப்பா விட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. சரி, இரண்டு வயது ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், அங்கன்வாடி மூடும் நேரத்துக்கு உங்கள் ஷிஃப்ட் முடிந்திருக்காதே!

50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பார்த்து வரலாம் என்று 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தத்திலேயே விதி வந்துவிட்டது. ஆண், பெண் எல்லோரையும் சேர்த்துத்தான் அந்த 50. உங்கள் கம்பெனியில் அப்படி ஒரு அறை இருக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா, ஆயா இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். கம்பெனி பஸ்ஸில் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு வர வழி உண்டா என்றும் கேளுங்கள், அது இல்லாவிட்டால் காப்பகம் இருந்தும் பேரணாம்பட்டிலிருந்து வருகிற உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது வேண்டுமா என்பதை நீங்களும் உங்கள் கணவரும் முடிவு செய்யுங்கள். ஒன்று போதும் என்றாலும் குறையே இல்லை. வேண்டும் என்றால், அந்த ஒன்றரை வருஷம் எப்படி என்று அவரிடம் இப்போதே பேசுங்கள், ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள அவரால் முடியுமா என்பது உட்பட.

காப்பகம் இல்லையென்றால் தனியாகப் போய்க் கேட்காதீர்கள், கைக்குழந்தை வைத்திருக்கிற நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு எழுத்தில் கொடுங்கள். அசையவில்லையா, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுங்கள். உங்கள் வீடு வேலூர் மாவட்டம் என்றாலும் 2019இல் மாவட்டத்தைப் பிரித்ததிலிருந்து ஆம்பூர் திருப்பத்தூரில் சேர்ந்துவிட்டது, அதனால் மனுவோடு வேலூருக்கு அலைய வேண்டாம், நேராகத் திருப்பத்தூர் போங்கள்.