முகத்தை மூடியவர் கோழையா?

கேள்வி: ஐஸ் ஹாக்கியில் அந்தக் காலத்து கோல்கீப்பர்கள் முகத்தில் எதுவும் அணியாமல் விளையாடியதைப் பழைய படங்களில் பார்த்தேன். முகமெல்லாம் தையல், அவையல்லவா விழுப்புண்கள்! இன்று தலை முதல் கால் வரை மெத்தை கட்டிக்கொண்டு நிற்பவர்களுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம். அந்தத் துணிச்சல் எங்கே போயிற்று?

பதில்: எங்கும் போய்விடவில்லை. நீங்கள்தான் அதைத் தவறான இடத்தில் தேடுகிறீர்கள். விழுப்புண் என்பது விரும்பி எதிர்நின்றவன் மார்பில் தாங்கிய காயம். மறுத்தால் பிழைப்பே போய்விடும் என்ற நிலையில் நின்றவர்களின் முகம் கிழிந்ததற்கு அந்தப் பெயரைச் சூட்ட என் மனம் ஒப்பவில்லை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று பாருங்கள். ஆறு அடி அகலம், நான்கு அடி உயரம் கொண்ட வலைக்கு முன்னால் ஒருவர். அவரை நோக்கி வருவது பந்து அல்ல. 'பக்' எனப்படும் கெட்டி ரப்பர் வில்லை. மூன்று அங்குல விட்டம், ஓர் அங்குலத் தடிமன், ஏறக்குறைய 170 கிராம் எடை. பனித்தளத்தில் துள்ளாமல் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்பே அதைக் குளிரில் உறைய வைத்துவிடுவார்கள். கைவலு உள்ளவர் அடித்தால் அது மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும். தாக்கும் பகுதியின் எல்லையான நீலக் கோட்டிலிருந்து வலைக்கு வந்துசேர அரை வினாடிகூட ஆகாது. வழியில் யாருடைய ஸ்டிக்கிலாவது உரசித் திசை மாறவும் செய்யும். தவறவிட்டால் முதுகுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். அரங்கத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் யாருடைய தவறு என்று தெரிந்துவிடும்.

இதற்கு முன்னால் வெறும் முகத்தோடு நின்றவர்கள் பயமறியாதவர்கள் என்று எண்ணுகிறீர்கள். க்ளென் ஹால் 1955 முதல் 1962 வரை ஓர் ஆட்டத்தையும் விடாமல் தொடர்ச்சியாக 502 ஆட்டங்கள் ஆடியவர், முகக்கவசம் இல்லாமல். இன்று வரை எந்தக் கோல்கீப்பரும் அதை நெருங்கவில்லை. அதே ஹால் ஆட்டத்துக்கு முன் வாந்தி எடுப்பார். ஏதோ ஒரு நாள் அல்ல, அவருடைய வாழ்க்கை முழுவதும் அதுதான் வழக்கம். அந்த உடம்பு எதை எண்ணிக் குமட்டியது, காயத்தையா தோல்வியையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அச்சமற்ற மனிதரின் வயிறு அல்ல அது.

பிறகு ஏன் நின்றார்கள்? 1942 முதல் 1967 வரை என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீகில் இருந்தவை ஆறே அணிகள். அணிக்கு ஒரு கோல்கீப்பர். அதாவது வட அமெரிக்காவின் உச்ச நிலை ஆட்டத்தில் ஆறு பேருக்குத்தான் அந்த வேலை. கீழ்நிலை லீகுகளில் டஜன் கணக்கில் ஆட்கள் அந்த இடத்துக்காகக் காத்திருந்தார்கள். அடிபட்டு ஒரு வாரம் ஒதுங்கினால் உங்கள் இடத்தில் வேறொருவர் நிற்பார். அவர் நன்றாக ஆடிவிட்டால் நீங்கள் திரும்பி வரவேண்டிய தேவையே இருக்காது. இதைத்தான் பார்வையாளர் இருக்கையிலிருந்து பார்த்தவர்கள் வீரம் என்று சொன்னார்கள்.

மாற்று கோல்கீப்பரை உடை அணிவித்துத் தயாராக உட்கார வைக்கும் வழக்கம்கூடக் கிடையாது. அது விதியானது 1960களின் நடுவில்தான். 1928இல் லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் கோல்கீப்பர் லோர்ன் சாபோவின் கண்ணில் பக் பட்டு அவர் வெளியேற, 44 வயதுப் பயிற்சியாளர் லெஸ்டர் பாட்ரிக்கே கால்மெத்தைகளைக் கட்டிக்கொண்டு வலைக்கு முன் நின்றார். அணி வென்றது. அந்தக் கதையை எல்லோரும் புன்னகையோடு சொல்வார்கள். எனக்கு அதில் முதலில் தெரிவது சாபோவின் கண்தான்.

முகத்தை மூட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்பதும் இல்லை. 1930இல் மாண்ட்ரியால் மரூன்ஸ் அணியின் க்ளின்ட் பெனடிக்ட் மூக்கு உடைந்தபின் தோலால் செய்த கவசத்தை அணிந்து சில ஆட்டங்கள் ஆடினார். பார்வையை மறைக்கிறது என்று கழற்றிவிட்டார். அதற்குப்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்த லீகில் எவரும் ஆட்டத்தில் அதைத் தொடர்ந்து அணியவில்லை.

அந்த முப்பது ஆண்டுகளை முடித்துவைத்தவர் மாண்ட்ரியால் கனேடியன்ஸ் அணியின் ழாக் பிளான்ட். கியூபெக்கில் பெரிய ஏழைக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. ஆஸ்துமாக்காரர். சிறு வயதில் கற்ற பின்னல் வேலையை விடாமல் தன் கம்பளித் தொப்பிகளைத் தானே பின்னிக்கொள்வார். முரட்டு ஆண்கள் நிறைந்த உடைமாற்றும் அறையில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தவரை எத்தனை பேர் கேலி செய்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிறர் என்ன நினைப்பார்கள் என்பதற்காகத் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளாத குணம் அங்கேயே இருந்தது. பயிற்சியில் சொந்த அணிக்காரர்களின் ஷாட்டுகளாலேயே அவருடைய கன்ன எலும்புகள் உடைந்திருந்தன. அதன்பின் பயிற்சியில் கவசம் அணியத் தொடங்கினார். ஆட்டத்தில் அணியப் பயிற்சியாளர் டோ பிளேக் சம்மதிக்கவில்லை.

1959 நவம்பர் 1. நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன். ரேஞ்சர்ஸின் ஆண்டி பாத்கேட் அடித்த பக் பிளான்ட்டின் முகத்தைக் கிழித்தது. உள்ளே கொண்டுபோய்த் தையல் போட்டார்கள். ஆட்டம் நின்று காத்திருந்தது. தைத்து முடித்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: கவசம் இருந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் வரமாட்டேன். பிளேக்குக்கு வேறு ஆள் இல்லை. காயம் ஆறியதும் கழற்றிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். பில் பர்ச்மோர் என்பவர் அவர் முகத்துக்கு அச்செடுத்துச் செய்துகொடுத்த கண்ணாடியிழைக் கவசம் அது. மாண்ட்ரியால் கனேடியன்ஸ் 3-1 என்று வென்றது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அன்று பிளான்ட் சாதாரண ஆட்டக்காரர் அல்ல. 1956 முதல் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் கோப்பை வென்ற அணியின் கோல்கீப்பர். அந்த நான்கு ஆண்டுகளும் கோல்கீப்பருக்கான வெசினா விருதும் அவருக்கே. அந்த உயரத்தில் நின்றவரே முகம் கிழிந்து ரத்தம் வழிந்த பிறகுதான் 'மாட்டேன்' என்று சொல்ல முடிந்தது. புதிதாக வந்த இருபது வயதுப் பையன் சொல்லியிருந்தால் அன்றோடு வீட்டுக்குப் போயிருப்பான். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

காயம் ஆறிய பிறகும் அவர் கழற்றவில்லை. அடுத்த மார்ச்சில் பிளேக்கின் பேச்சைக் கேட்டு ஓர் ஆட்டம் மட்டும் வெறும் முகத்தோடு ஆடினார், அணி தோற்றது. மறுபடி அணிந்தார். அந்த வசந்தத்தில், கோப்பையை முடிவுசெய்யும் பிளே ஆஃப் சுற்றுகளில் ஆடிய எட்டு ஆட்டங்களையும் வென்று கோப்பையைத் தொடர்ந்து ஐந்தாம் முறையாக எடுத்தார்கள்.

நீங்கள் பார்த்த தையல் முகம் டெரி சாச்சக்குடையதாக இருக்கலாம். 1966இல் லைஃப் பத்திரிகை, அவர் வாழ்நாளில் போட்டுக்கொண்ட தையல்களையெல்லாம் ஒப்பனையால் ஒரே நேரத்தில் முகத்தில் வரைந்து வெளியிட்ட படம் அது. ஏறக்குறைய 400 தையல்கள். 103 ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு கோலும் விடாதவர். அந்தச் சாதனை 2009 வரை நின்றது. அந்த சாச்சக்கும் 1962இல் கவசத்துக்கு மாறிவிட்டார். நானூறு தையல் வாங்கிய மனிதரைவிட வீரத்தைப் பற்றி நமக்கு அதிகம் தெரியுமா?

இன்றைய மெத்தைகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கவசம் மூடாத இடம் எப்போதும் மிச்சமிருக்கிறது. 1989 மார்ச்சில் பஃபலோ சேபர்ஸ் அணியின் க்ளின்ட் மலார்ச்சக்கின் கழுத்தை ஒரு ஸ்கேட்டின் கத்தி அறுத்தது. அணியில் காயங்களைக் கவனிக்கும் பயிற்றுநர் ஜிம் பிசுடெல்லி வியட்நாமில் ராணுவ மருத்துவ உதவியாளராக இருந்தவர். அவருடைய விரல்கள் அந்த ரத்தக் குழாயை அழுத்திப் பிடித்ததால் மலார்ச்சக் உயிர் பிழைத்தார். சில நாட்களிலேயே மீண்டும் வலைக்கு முன் நின்றார், எல்லோரும் கைதட்டினார்கள். மனத்தில் பட்ட காயம் அதன்பின் பல ஆண்டுகள் அவரை வதைத்தது. கைதட்டியவர்கள் யாரும் அப்போது உடன் இல்லை.

கோல்கீப்பர் டிம் தாமஸ் பின்லாந்திலும் ஸ்வீடனிலும் கீழ்நிலை லீகுகளிலும் அலைந்து, முப்பதைத் தாண்டித்தான் பாஸ்டன் அணியில் நிலையான இடம் பிடித்தார். 2011இல், 37 வயதில், கோப்பையும் பிளே ஆஃப் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதும். எட்டு ஆண்டுகள் கழித்து, அமெரிக்க ஹாக்கி புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது, தலையில் பட்ட அடி தன் மூளையை எப்படிச் சிதைத்தது என்று உடைந்த குரலில் சொன்னார். அவருக்கும் கவசம் இருந்தது. இப்போது 32 அணிகள், அணிக்கு இருவர், ஆக 64 இடங்கள். உச்சத்தில் இருக்கும் சிலர் வாங்கும் கோடிகள் தெரிகின்றன; கீழே ஊர் ஊராகப் பேருந்தில் போய்க்கொண்டிருப்பவர்களை நாம் பார்ப்பதில்லை.

பிளான்ட்டின் கதையில் இன்னொரு பக்கம் உண்டு. 1970 இறுதிச் சுற்றில் செயின்ட் லூயிஸ் அணிக்கு ஆடியபோது, பாஸ்டன் அணியினர் அடித்த ஷாட் திசை மாறி நெற்றியில் மோதி, அந்தக் கவசத்தையே பிளந்தது. நினைவிழந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இது இல்லாவிட்டால் செத்திருப்பேன் என்றார். அடுத்த பருவம் டொராண்டோவுக்குப் போனார். அங்கே 42 வயதைத் தொட்ட அந்த மனிதர் ஆட்டத்துக்குச் சராசரியாக 1.88 கோல் மட்டுமே விட்டுக்கொடுத்தார். அந்த ஆண்டு லீகில் அதைவிடக் குறைவாக விட்டவர் எவரும் இல்லை.