பண்ணை விலங்குகளும் பாக்டீரியாத் தொற்றும்: கேள்வி பதில்

கேள்வி: பண்ணையில் ஆடு மாடெல்லாம் ஆரோக்கியமாகத்தான் தெரிகின்றன. பிறகு தொற்று எங்கிருந்து வருகிறது?

பதில்: ஆரோக்கியமான மாட்டிடமிருந்துதான். ஈ.கோலை ஓ157 என்ற பாக்டீரியா மாட்டின் குடலில் இருந்தாலும் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. சாணத்தோடு வெளியேறி உடல் மயிர், வேலி, தீவனத் தொட்டி, செருப்பு என எங்கும் ஒட்டிக்கொள்ளும். நூறுக்கும் குறைவான கிருமிகள் வாய்க்குள் போனாலே மனிதருக்கு நோய் வரலாம். விலங்கைத் தொடாமல் வேலியை மட்டும் பிடித்து நின்ற குழந்தைக்கும் இப்படித்தான் வருகிறது.

கேள்வி: சானிடைசர் எடுத்துப் போனால் போதாதா?

பதில்: போதாது. கையில் சாணமோ எச்சிலோ படிந்திருந்தால் ஆல்கஹால் சரியாக வேலை செய்யாது. கன்றுகளிடமிருந்து பரவும் கிரிப்டோஸ்போரிடியம் (இது பாக்டீரியா இல்லை, ஒட்டுண்ணி) ஆல்கஹாலுக்கு மசியவே மசியாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும். பலர் விட்டுவிடும் இடங்கள் கட்டைவிரலும் நகக்கண்ணும். வாளித் தண்ணீரில் வரிசையாகக் கை முக்கினால் ஒருவர் அழுக்கை அடுத்தவர் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். இன்னொன்று, வரிசை முக்கியம். கையைக் கழுவிவிட்டு அப்புறம் செருப்பைக் கழற்றினால், குழந்தையின் தள்ளுவண்டிச் சக்கரத்தைத் தொட்டால், கழுவியது வீண். அதையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகக் கழுவுங்கள், பிறகே சாப்பாடு.

கேள்வி: மகனுக்கு மூன்று வயது. கூட்டிப் போகலாமா?

பதில்: போகலாம், கண் அவன் கையிலேயே இருக்கட்டும். ஐந்து வயதுக்குக் கீழே ஈ.கோலை ஓ157 தொற்று சிறுநீரகத்தைப் பாதிக்கும் ஆபத்து அதிகம். பால் புட்டி, பொம்மை, தின்பண்டம் எதுவும் விலங்குகள் இருக்கும் இடத்துக்குள் வேண்டாம். விலங்குக்கு முத்தம் கொடுக்க விடாதீர்கள். கையை நீங்களே கழுவிவிடுங்கள்.

கேள்வி: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி.

பதில்: ஈனும் ஆடு, புதுக்குட்டி, நஞ்சுக்கொடி பக்கமே போகாதீர்கள். அவற்றிலிருந்து வரும் கியூ காய்ச்சல் என்ற நோயின் கிருமி காற்றிலும் பரவும், கை கழுவி மட்டும் அதைத் தடுக்க முடியாது. காய்ச்சாத பாலும் கூடாது, லிஸ்டீரியா என்ற பாக்டீரியா இருக்கலாம்.

கேள்வி: போய்வந்து நான்கு நாளில் மகளுக்கு இரத்தம் கலந்த பேதி. வீட்டில் மாத்திரை இருக்கிறது, கொடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். லோபரமைடு போன்ற பேதி நிறுத்தும் மருந்தும், மருத்துவர் சொல்லாத ஆன்டிபயாட்டிக்கும் சிறுநீரகப் பாதிப்பைக் கூட்டலாம். இன்றே மருத்துவரிடம் காட்டி, பண்ணைக்குப் போனதைச் சொல்லி, மலப் பரிசோதனை கேளுங்கள். பேதி நின்ற பிறகும் சிறுநீர் குறைந்தாலோ, முகம் வெளிறிச் சோர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.