மூடியில் ஓர் ஓட்டை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். என்னிடம் ஒரு விநோதப் பழக்கம் உண்டு. தொலைக்காட்சித் தொடர் பார்க்கும்போது யாராவது எழுதத் தொடங்கினால் காட்சியை நிறுத்திவிடுவேன். அது என்ன பேனா, எந்த நோட்டு என்று தெரியாமல் என்னால் மேலே பார்க்க முடியாது. கூட உட்கார்ந்து பார்ப்பவர்கள் பொறுமையிழந்து எழுந்து போய்விடுகிறார்கள்.

அண்மையில் 1960களின் தொடக்கத்தில் நடப்பதாகச் சொல்லப்படும் ஒரு துப்பறியும் தொடர் பார்த்தேன். ஆய்வாளர் உள்ளே இருக்கும் மைக்குழாய் தெரிகிற அறுகோணப் பேனாவால் எழுதுகிறார். நீல மூடியின் நுனியில் ஓர் ஓட்டை இருக்கிறது. நோட்டு கறுப்பு அட்டை, எலாஸ்டிக் பட்டை போட்டது. படத்தை இணைத்திருக்கிறேன். இவை அந்தக் காலத்துப் பொருட்கள்தானா? இவற்றை எப்படி அடையாளம் காண்பது? ஒருவர் கையிலிருக்கும் பேனாவை வைத்தே அந்தப் பாத்திரத்தின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்புகிறேன். இது அதிகப்படியா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

பேனா பிக் கிறிஸ்டல். 1950 டிசம்பரில் பிரான்சில் அறிமுகமானது. ஆகவே 1960களின் ஆய்வாளர் அதை வைத்திருப்பதில் தவறில்லை. தவறு மூடியில் இருக்கிறது. யாராவது மூடியைத் தவறி விழுங்கிவிட்டாலும் மூச்சுக்காற்று போய்வர வழி இருக்க வேண்டும் என்று அந்த ஓட்டை 1991இல்தான் சேர்க்கப்பட்டது. பேனாவின் உடலிலும் ஒரு சிறு துளை இருக்கும். அது காற்றழுத்தத்தைச் சமன் செய்வதற்காக வைத்தது, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்கள் படத்தில் தெரிவது மூடியின் ஓட்டைதான். கொலையைத் துப்பறிய வந்தவர் சுமார் 30 வருடங்கள் கழித்து வரப்போகிற மூடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்.

நோட்டு விஷயத்தில் அவ்வளவு அவசரப்பட முடியாது. மோல்ஸ்கின் என்ற பெயரில் இன்று விற்கும் நோட்டை மிலான் நகரத்து நிறுவனம் ஒன்று 1997இல் கொண்டுவந்தது. ஆனால் கறுப்பு அட்டை போட்ட சட்டைப்பை நோட்டுகள் அதற்கு வெகுகாலம் முன்பே ஐரோப்பாவில் புழங்கியவை. வடிவத்தின் வயது வேறு, நிறுவனத்தின் வயது வேறு. பின்னட்டையின் கீழ்ப்பகுதியில் அழுத்திப் பதித்த பெயர் தெரிந்தால் மட்டுமே நீங்கள் தீர்ப்பு எழுதலாம். உங்கள் படத்தில் பின்னட்டை இல்லை. சந்தேகத்தின் பலனை ஆய்வாளருக்கே கொடுத்துவிடுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் முதலில் தேடுவது நிறுவனத்தின் பெயரை. திரையில் அதுதான் கிடைக்காது. அனுமதிச் சிக்கலும் விளம்பரதாரர் சிக்கலும் வரும் என்று படப்பிடிப்புக் குழுவே பெயரை நாடா ஒட்டியோ சுரண்டியோ மறைத்துவிடும். மறைக்க முடியாதது வடிவம். பேனா என்றால் நான் முதலில் கிளிப்பைப் பார்ப்பேன். எழுதும்போது விரல்கள் பேனாவின் முன்பகுதியை மூடிவிடுகின்றன, கிளிப் மட்டும் கைக்கு மேலே வெளியே நிற்கிறது. அம்பு வடிவக் கிளிப் என்றால் பார்க்கர். அது 1930களில் வந்தது. ஆகவே 1920களில் நடக்கும் கதையில் கனவான் ஒருவரின் கோட்டுப்பையில் அம்பு தெரிந்தால் தாராளமாகச் சிரிக்கலாம். கம்பியை வளைத்துச் செய்தது போன்ற பெரிய கிளிப் என்றால் லாமி சஃபாரி. அது 1980இல் வந்தது. மூடியின் உச்சியில் முனை மழுங்கிய வெள்ளை நட்சத்திரம் தெரிந்தால் மோன்பிளாங்க். நிப் ஏறக்குறைய முழுவதும் மூடப்பட்டு நுனி மட்டும் எட்டிப் பார்த்தால் பார்க்கர் 51 ஆக இருக்கலாம். ஆனால் அந்த வடிவத்தைப் பின்பற்றியவர்கள் நிறையப் பேர், அதனால் அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட வேண்டாம்.

பென்சிலில் பார்க்க வேண்டியது ரப்பரைப் பிடித்திருக்கும் பூண். அது தட்டையாக, அகலமாக, செருகிய ரப்பரை இழுத்து மாற்றக்கூடியதாக இருந்தால் பிளாக்விங் 602. ஈபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனம் 1930களில் தொடங்கிய பென்சில் அது. 1998இல் உற்பத்தி நின்றது, 2010க்குப் பிறகு வேறொரு நிறுவனம் உயிர்கொடுத்தது. பழையதா புதியதா என்று திரையில் பிரித்தறிய முயல்வது வீண்வேலை.

தாளைப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இல்லை போலிருக்கிறது. எனக்கு அதுதான் அதிக மகிழ்ச்சி தரும் பகுதி. அமெரிக்க லெட்டர் தாள் 216க்கு 279 மில்லிமீட்டர், ஏ4 தாள் 210க்கு 297. ஒன்று குட்டையாகவும் அகலமாகவும் தெரியும், மற்றது ஒடிசலாக இருக்கும். நியூயார்க்கில் நடக்கும் கதையில் மேசைமேல் ஒடிசலான தாள் கிடந்தால் அந்த அலுவலகம் நியூயார்க்கில் இல்லை என்று சந்தேகிக்கத் தொடங்கலாம். கோப்புத் துளைகளும் காட்டிக்கொடுக்கும். அமெரிக்கக் கோப்பில் மூன்று, ஐரோப்பியக் கோப்பில் இரண்டு அல்லது நான்கு. தாளை நேர் மேலிருந்து காட்டும் ஷாட்டில் மட்டும் அளந்து பாருங்கள். சாய்கோணத்தில் எல்லாத் தாளும் ஏமாற்றும்.

இப்படித் தேதி பார்த்துப் பிழை பிடிப்பதில் ஒரு போதை உண்டு, அதற்கு எல்லை வைத்துக்கொள்வது நல்லது. காலத்தை நுணுக்கமாகக் காட்டியதற்காகப் புகழப்பட்ட ‘மேட் மென்’ தொடரில், 1960இல் நடக்கும் அலுவலகத்தில் ஐபிஎம் செலக்ட்ரிக் தட்டச்சுப்பொறிகள் இருக்கின்றன. அந்தப் பொறி 1961 ஜூலையில்தான் வெளிவந்தது. அதனால் அந்தத் தொடர் எனக்கு ஒரு துளியும் குறைந்துபோகவில்லை.

பேனாவை வைத்துக் குணத்தைச் சொல்லலாம் என்பதில்தான் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. திரையில் வரும் பெரும்பாலான பேனாக்கள் எதையும் சொல்வதில்லை. ஒரே காட்சியைப் பலமுறை எடுக்க வேண்டும் என்பதால் ஒரே மாதிரியில் பல கிடைக்கும் பொருளையே குழுவினர் விரும்புவார்கள். எழுதும் கை மட்டும் தெரியும் அண்மைக் காட்சியைத் தனியாக இன்னொரு நாள் எடுப்பதும் உண்டு. அப்போது அந்தக் கை நடிகருடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தூரத்துக் காட்சியில் கறுப்புப் பேனா, அண்மைக் காட்சியில் நீலப் பேனா என்று வந்தால் அதில் உளவியல் தேடாதீர்கள்.

திட்டமிட்டுத் தேர்ந்த பேனாவும் பல நேரம் சோம்பலான தேர்வுதான். வில்லனுக்குத் தடித்த தங்க நிப் பேனா, ஒப்பந்தத்தில் கையெழுத்து, மூடியைத் திருகும் அண்மைக் காட்சி. அவர் பணக்காரர் என்று வீடும் காரும் முன்பே சொல்லியாகிவிட்டது, பேனாவும் சேர்ந்து அதையே மறுபடி சொல்கிறது.

நல்ல தேர்வுகள் இல்லாமல் இல்லை. 2014இல் வந்த ‘ட்ரூ டிடெக்டிவ்’ தொடரின் முதல் பருவத்தில் துப்பறிவாளர் ரஸ்ட் கோல் ஒரு பெரிய கணக்குப் பேரேட்டைச் சம்பவ இடத்துக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போவார். சக காவலர்கள் அவரை வரி வசூலிக்க வந்தவர் என்று கேலி செய்வார்கள். இங்கே அந்தப் பேரேட்டின் நிறுவனம் எது என்பது பொருட்டே அல்ல. அதன் அளவு பேசுகிறது, அது மற்றவர்களுக்குத் தரும் எரிச்சல் பேசுகிறது. ‘சைன்ஃபெல்ட்’ என்ற நகைச்சுவைத் தொடர் 1991இல் ஒரு முழு அத்தியாயத்தை, தலைகீழாகப் பிடித்தாலும் எழுதும் விண்வெளிப் பேனா ஒன்றை வைத்தே நடத்தியது. பேனா நன்றாக இருக்கிறது என்று தொடரின் நாயகன் ஜெரி ஒரு வார்த்தை சொல்கிறார். வைத்துக்கொள் என்று பேனாவின் சொந்தக்காரரான பெரியவர் வற்புறுத்துகிறார். வாங்கியதுதான் தாமதம், குடியிருப்பே கொந்தளிக்கிறது. பேனாவின் சிறப்பை உரையாடலே சொல்லிவிடுவதால் நமக்கு அங்கே துப்பறிய வேலையில்லை.

எனக்கு மிகப் பிடித்தவர் ‘கொலம்போ’ தொடரின் துப்பறிவாளர் லெஃப்டினன்ட் கொலம்போ. அவர் கையில் குறிப்பு நோட்டு இருக்கும், பென்சில் இருக்காது. கோட்டுப்பைகளைத் துழாவிவிட்டு, எதிரே நிற்பவரிடமே கேட்டு வாங்குவார். அந்த எதிரே நிற்பவர் பல நேரம் கொலையாளி. தன்னைச் சிக்கவைக்கப் போகும் குறிப்பை எழுதத் தன் பென்சிலையே எடுத்து நீட்டும்போது அவர் முகத்தில் ஓர் அலட்சியம் வரும், இந்த ஆளா என்னைப் பிடிக்கப்போகிறான் என்பதுபோல. எந்த விலையுயர்ந்த பேனாவாலும் இதைச் செய்ய முடியாது. பென்சிலின் ரகத்தை நான் இதுவரை கவனிக்கவில்லை, கவனிக்கத் தோன்றியதும் இல்லை.

அடுத்த முறை படம் அனுப்பும்போது கை ஓய்வாக நிற்கும் ஃபிரேமாகப் பார்த்து எடுங்கள். கை நகரும்போது பேனா வெறும் கோடாகிவிடுகிறது. அண்மைக் காட்சியோடு அதற்கு முந்தைய தூரத்துக் காட்சியையும் சேர்த்து அனுப்புங்கள், இரண்டிலும் ஒரே பேனாதானா என்று முதலில் பார்த்துவிடலாம்.