ஒன்பதாம் வகுப்பு வந்துவிட்டால் வயலினை ஓரம் கட்டணுமா?

திருமங்கலத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “மகள் எட்டாவது படிக்கிறாள். மூன்று வருடமாகப் பள்ளியில் வயலின், பள்ளி இசைக்குழுவிலும் இருக்கிறாள். ஞாயிறுதோறும் மதுரைக்குப் பஸ் ஏறி ஒரு வெளி வகுப்பு வேறு. ‘பத்தாவது முடியட்டும், அப்புறம் வாசிக்கலாம்’ என்கிறார் அவள் அப்பா. நிறுத்திவிடலாமா?”

நிறுத்த வேண்டாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான அரசுப் பள்ளி மாணவர்களின் மதிப்பெண்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். பள்ளியில் இசை படித்தவர்கள் ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றிலும் மற்றவர்களை முந்தியிருந்தார்கள். ஏழாம் வகுப்பு மதிப்பெண், வசிக்கும் பகுதியின் வசதி இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. பாட்டுப் பாடியவர்களைவிட வாத்தியம் வாசித்தவர்களிடமும், பல வருடம் விடாமல் தொடர்ந்தவர்களிடமும் அது கூடுதலாகவே தெரிந்தது.

அதற்காக வயலின்தான் கணக்கில் மார்க் வாங்கித் தந்தது என்று சொல்லிவிட முடியாது. தினமும் வில்லைப் பிடித்து உட்காரும் பொறுமை உள்ள பிள்ளை பாடப் புத்தகத்தின் முன்னும் உட்காரத்தானே செய்யும்? 2020இல் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இசை கற்ற பிள்ளைகளை வேறொரு பயிற்சி பெற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்ட இடங்களில் படிப்பு சார்ந்த பலன் ஏறக்குறைய இல்லாமல் போனது. ‘மூளை வளரும்’ என்று போர்டு மாட்டி ஃபீஸ் கேட்பவர்களிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

ஆனால் உங்கள் வீட்டு வாதம் நேர்மாறானது: வாசித்தால் மார்க் குறையும் என்பது. கனடாவின் கணக்கில் அதற்கு ஆதாரமே இல்லை.

நேரம்தான் கவலை என்றால் ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்து, போய் வருவதற்குள் அரை நாள் ஓடிவிடும். பத்தாவது வரும்போது அதை மாதம் ஒருமுறை ஆக்கலாம், பொதுத்தேர்வு நெருங்கும்போது விட்டும்விடலாம். பள்ளி இசைக்குழுவில் மட்டும் கை வைக்காதீர்கள். தான் வராவிட்டால் இசையில் ஒரு ஓட்டை விழும் என்று தெரிந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேறு மாதிரி இடம். வீட்டுச் சாதகத்துக்கு இருபது நிமிடம் போதும். காலாண்டில் மார்க் குறைந்தால் வயலினைப் பூட்டி வைப்பது என்ற தண்டனை மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, உங்கள் கடிதத்தில் மகள் என்ன சொல்கிறாள் என்பதே இல்லை. அவளே சலித்துப்போய் விட்டுவிடுகிறேன் என்றால், சரி, விடட்டும்.