கால்ஃப் ட்ரிப்புக்கு பணம் கட்டறதுக்கு முன்னாடி ஆபீஸ் காலண்டரையும் பாருங்க: கேள்வி-பதில்

கேள்வி: நாங்க நாலு பேர், காலேஜ்லேருந்தே ஃப்ரெண்ட்ஸ். வருஷக்கணக்கா பேசிட்டே இருந்த கால்ஃப் ட்ரிப்ப இந்த தடவ போயே ஆகணும்னு முடிவு பண்ணியாச்சு. ஒரு கம்பெனி ரூம், அஞ்சு ரவுண்டு (ஒரு ரவுண்டுன்னா 18 ஹோல், அதாவது 18 குழி) எல்லாம் சேர்த்து பேக்கேஜ் குடுக்கறாங்க. இந்த வாரத்துக்குள்ள முழுப்பணம் கட்டினா நல்ல டிஸ்கவுண்ட், ஆனா கேன்சல் பண்ணா ஒண்ணும் திரும்ப வராதாம். என் லீவ் இன்னும் அப்ரூவ் ஆகல, மேனேஜர் "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்"னே சொல்லிட்டு இருக்கார். இதுக்கு முன்னாடி குடும்பத்தோட போக இருந்த ட்ரிப்பும் ஆபீஸ் வேலையால கடைசி நேரத்துல கேன்சல் ஆச்சு. கட்டிடலாமா?

பதில்: கட்டாதீங்க. லீவ் எழுத்துல கைக்கு வர்ற வரைக்கும் திரும்ப வராத பணம்னு எதையும் கட்டவே கட்டாதீங்க, டிஸ்கவுண்ட் எவ்வளவா இருந்தாலும் சரி. "பாத்துக்கலாம்"ங்கறது அப்ரூவல் இல்ல. அந்த டிஸ்கவுண்ட் சும்மா வர்றதும் இல்ல, ஒருவேளை உங்களால போக முடியலேன்னா மொத்த நஷ்டமும் உங்க தலையில விழும்ங்கறதுக்குத்தான் அந்த விலைக்கு தராங்க. ஏற்கனவே ஒரு தடவ ஆபீஸ் உங்க ட்ரிப்ப முழுங்கியிருக்குன்னா, மத்தவங்கள விட உங்களுக்குத்தான் கேன்சல் பண்ணக்கூடிய ரேட் அவசியம்.

முதல்ல மேனேஜர்கிட்ட தேதிய போட்டு மெயில் அனுப்புங்க, அந்த நாட்கள்ல உங்க வேலைய யார் பாத்துக்குவாங்கன்னு பேரோட எழுதுங்க. லீவ் கேக்கறவங்க நிறைய பேர் இந்த ரெண்டாவது விஷயத்த விட்டுடறாங்க, அதனாலதான் "பாத்துக்கலாம்"னு பதில் வருது. பொறுப்பு எடுத்துக்கறவருக்கு முடிவெடுக்கற அதிகாரமும் இருக்கணும், இல்லேன்னா அவர் ஒவ்வொண்ணுக்கும் உங்களுக்கே ஃபோன் போடுவார், நீங்க கோர்ஸ்ல பங்கர்ங்கற மணல் குழியில நின்னுட்டு பதில் சொல்லிட்டு இருப்பீங்க.

அப்புறம் அந்த கம்பெனிகிட்ட மெயில்லயே கேளுங்க, ஃபோன்ல வேணாம். எத்தன நாள் முன்னாடி வரைக்கும் கேன்சல் பண்ணா எவ்வளவு திரும்ப வரும்? ஒருத்தர் வரலேன்னா அவர் இடத்துல வேற பேர் போட்டுக்கலாமா? பேக்கேஜ் விலை நாலு பேர் சேர்ந்து வர்றதா வச்சு போட்டதா இருந்தா, மூணு பேர் மட்டும் போனா மிச்ச மூணு பேருக்கும் ரேட் ஏறுமா? இந்த கடைசி கேள்விக்கு தெளிவா பதில் வாங்கிக்கோங்க, ஏன்னா உங்க ஆபீஸ் உங்கள பிடிச்சு வச்சா அதுக்கு உங்க ஃப்ரெண்ட்ஸும் சேர்ந்து பணம் கட்டற மாதிரி ஆகிடக் கூடாது.

"அஞ்சு ரவுண்டு"ன்னு ஒரே வரியில போட்டிருந்தா அத உடைச்சு கேளுங்க. க்ரீன் ஃபீ (கோர்ஸ்ல ஆடற கட்டணம்) மட்டுமா, சுத்தி வர்ற கார்ட் வண்டியும் சேர்த்தா, பை தூக்கற கேடிக்கு தனியா குடுக்கணுமா, ப்ராக்டிஸ் பண்ண ரேஞ்ச் பால் உண்டா? அமெரிக்காவுல ஒரிகான்ல இருக்கற பேண்டன் ட்யூன்ஸ் மாதிரி நடந்து மட்டுமே ஆடணும்ங்கற இடங்களும் இருக்கு, அங்க அஞ்சு நாள் தொடர்ந்து 18 ஹோல் நடக்கறதுக்கு முழங்கால் ஒத்துழைக்குமான்னு இப்பவே யோசிங்க. மழை வந்து பாதியில நின்னா இன்னொரு தடவ ஆட ரெயின் செக் குடுப்பாங்களா, எத்தன ஹோல் ஆடறதுக்குள்ள நின்னா குடுப்பாங்கன்னும் கேட்டு வச்சுக்கோங்க.

இன்னொண்ணு, பெரும்பாலும் யாரும் கேக்காதது: அந்த தேதியில க்ரீன்ஸ, அதாவது ஒவ்வொரு குழியையும் சுத்தி இருக்கற வழவழப்பான புல்தரைய, ஏரேட் பண்றாங்களா? மண்ணு இறுகாம இருக்க க்ரீன் முழுக்க சின்னச் சின்ன ஓட்ட போட்டு மேல மணல் தூவுவாங்க. புல்லுக்கு நல்லதுதான், ஆனா பந்து அதுல தத்தித் தத்தி போகும், குழிய பாத்து நேரா உருட்டின புட் கூட விலகும், க்ரீன் பழையபடி ஆக ரெண்டு வாரம் வரைக்கும் கூட ஆகலாம். சீசன் இல்லாத நேரத்துல வர்ற சூப்பர் டீலுக்கு சில சமயம் இதுதான் காரணம். கோர்ஸுக்கே நேரா மெயில் போட்டா தேதி சொல்லிடுவாங்க.

இன்சூரன்ஸ் எடுத்துட்டா போச்சுன்னு நினைக்காதீங்க. சாதாரண ட்ராவல் இன்சூரன்ஸ் உடம்பு சரியில்லாம போறது, விபத்து, வீட்டுல ஒரு இழப்பு இந்த மாதிரிக்குத்தான். "ஆபீஸ்ல திடீர்னு வேலை வந்துடுச்சு"ங்கறது பெரும்பாலான பாலிசில காரணமாவே வராது. வேலை காரணமா கேன்சல் பண்றதுக்குன்னு தனி ஆட்-ஆன் சில இடங்கள்ல கிடைக்கும், அதுல எந்தெந்த சூழ்நிலைன்னு ஒவ்வொரு வரியா படிங்க. எந்த காரணத்துக்கும் கேன்சல் பண்ணலாம்ங்கற பாலிசியும் உண்டு, ஆனா அதுல முழுசா வராது, பொதுவா 50லேருந்து 75 சதவீதம்தான், அதையும் முதல் அட்வான்ஸ் கட்டின ரெண்டு மூணு வாரத்துக்குள்ள வாங்கியிருக்கணும். அதனால லீவ் முதல்ல, அப்புறம் அட்வான்ஸ், உடனே இன்சூரன்ஸ். இந்த வரிசை மாறக் கூடாது.

கேள்வி: ஸ்காட்லாந்துல இருக்கற செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ்ல வாழ்க்கையில ஒரு தடவையாவது ஆடணும். எனக்கு மொத்தமே நாலு நாள்தான் லீவ். எப்படி ப்ளான் பண்றது?

பதில்: நாலு நாள்ல ஒண்ணு ஞாயித்துக்கிழமையா இருந்தா அத கழிச்சிடுங்க, சில பெரிய போட்டிகள் நடக்கற நேரம் தவிர ஞாயித்துக்கிழமை ஓல்ட் கோர்ஸ்ல ஆட்டம் கிடையாது, ஊர்க்காரங்க நடந்து போற இடம் அது. ஆட இடம் குடுக்க குலுக்கல் நடத்தற பேலட்ல பேர் குடுத்தா ஆடற நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் குலுக்கல், வரும் வராதுங்கறது அதிர்ஷ்டம். இருக்கற மூணு நாளுக்கும் பேர் குடுங்க, கிடைக்காத நாளுக்கு அங்கயே பக்கத்துல இருக்கற நியூ கோர்ஸ், ஜூபிலி மாதிரி வேற ஒண்ண யோசிச்சு வையுங்க. ஹாண்டிகேப் சர்ட்டிஃபிகேட் (உங்க ஆட்டத் தரத்த காட்டற சான்று) கண்டிப்பா கேப்பாங்க, கையில வச்சுக்கோங்க. யாராவது "கேரண்டி டீ டைம்"னு (டீ டைம்னா ஆட்டம் ஆரம்பிக்கற நேரம்) வித்தா, அத விக்க அவங்களுக்கு கோர்ஸ நடத்தற செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் ட்ரஸ்ட் அனுமதி குடுத்திருக்கான்னு ட்ரஸ்ட்டோட சொந்த இணையதளத்துல பாத்துட்டு பணம் கட்டுங்க.

மனசுல பட்டத சொல்றேன், முடிஞ்சா ரெண்டு நாள் கூட லீவ் போடுங்க. குலுக்கல நம்பி போற இடத்துக்கு நாலு நாள் பத்தாது.

கேள்வி: என் கிளப் செட்ட ஃப்ளைட்ல எடுத்துட்டு போகவா, அங்கயே வாடகைக்கு எடுக்கவா? நான் லெஃப்ட் ஹேண்டர்.

பதில்: ஒண்ணு ரெண்டு ரவுண்டுதான்னா வாடகை போதும், ஆனா இடது கை செட் எல்லா இடத்துலயும் இருக்காது, இருக்கற ஒண்ணையும் வேற யாராவது புக் பண்ணியிருப்பாங்க. அதனால செட்டோட பிராண்ட், ஷாஃப்ட் (கிளப்போட தண்டு) ரெகுலரா ஸ்டிஃபான்னு கேட்டு, "உங்க பேர்ல எடுத்து வச்சாச்சு"ன்னு மெயில் வாங்கிக்கோங்க. மூணு ரவுண்டுக்கு மேலன்னா சொந்த செட்டே நல்லது.

கிளப்ப கேபின்ல விட மாட்டாங்க, செக்-இன்தான். டிக்கெட் எடுக்கறப்பவே ஏர்லைன் உங்க பைய சாதாரண லக்கேஜா எடுத்துக்குதா, ஸ்போர்ட்ஸ் ஐட்டம்னு தனி சார்ஜான்னு பாருங்க, ஏர்போர்ட் கவுண்டர்ல போய் கட்டினா பெரும்பாலும் கூடத்தான் ஆகும். டிரைவர்ங்கற நீளமான கிளப்போட தலைய ரெஞ்ச் வச்சு கழட்டி துணியில சுத்தி பைக்குள்ள சொருகுங்க, மத்த கிளப்புகளோட உயரத்த விட கொஞ்சம் நீளமா ஒரு தாங்கு கம்பி உள்ள நிக்கட்டும், பை தலைகீழா விழுந்தா அந்த கம்பிதான் அடிய வாங்கும். தூரம் அளக்கற ரேஞ்ச்ஃபைண்டருக்கு ஸ்பேர் லித்தியம் பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் கைப்பையில, செக்-இன் பையில போடக் கூடாது.

பேக் பண்ணதும் ஒரு ஃபோட்டோ, இறங்கினதும் பெல்ட் பக்கத்துலயே பைய திறந்து ஒரு ஃபோட்டோ. ஒடஞ்சிருந்தா ஏர்போர்ட்ட விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி கவுண்டர்ல ரிப்போர்ட் எழுதி காப்பி வாங்குங்க. விமானப் பயண நஷ்ட ஈட்டுக்கான மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தற சர்வதேச பயணத்துல சேதத்துக்கு 7 நாளுக்குள்ளயும், பை தாமதமா வந்ததுக்கு அது கைக்கு வந்த 21 நாளுக்குள்ளயும் எழுத்துல புகார் குடுக்கணும், தாண்டினா கேஸ் நிக்காது. 2024 டிசம்பர் கடைசியிலேருந்து ஒரு பயணிக்கு கிடைக்கற நஷ்ட ஈட்டோட உச்சவரம்பு 1,519 எஸ்டிஆர் (ஐஎம்எஃப்போட கணக்கு அலகு). உங்க செட் அதுக்கு மேல விலைன்னா செக்-இன் பண்றப்பவே மதிப்ப அறிவிக்க முடியுமான்னு கேளுங்க, இல்ல தனி இன்சூரன்ஸ் எடுங்க.

கேள்வி: மேடம், என் வீட்டுக்காரர் ஒரு வாரம் குடும்பத்தோட வெகேஷன் போலாம்ங்கறார், ரிசார்ட்டோட கால்ஃப் கோர்ஸும் இருக்கற இடமாம். தினமும் ஆடப் போறாராம், ரெண்டு நாள் 36 ஹோல் வேற. அதுக்கு மேல "காலைல ஒரு மணி நேரம் மட்டும் லேப்டாப் பாத்துக்கறேன்"ங்கறார். ரெண்டு சின்ன பசங்கள வச்சுக்கிட்டு நான் ரூம்லயே உக்காந்திருக்கவா இவ்வளவு செலவு? சண்டை போடாம எப்படி சொல்றது?

பதில்: உங்க கோபம் நியாயம்மா. மணிக்கணக்க ஒரு பேப்பர்ல எழுதி அவர்கிட்ட காட்டுங்க, சண்டைக்கு வேலையே இருக்காது. 18 ஹோல் ஆட நாலுலேருந்து நாலரை மணி நேரம். முன்னாடி வார்ம்-அப், பின்னாடி கிளப் ஹவுஸ்ல உக்காந்து பேசறது, போய் வர்றது எல்லாம் சேர்த்தா ஆறு மணி நேரம் தாராளமா ஆகிடும். 36 ஹோல்னா அந்த நாள் முடிஞ்சது. அதோட லேப்டாப்பும் சேர்ந்தா உங்களுக்கும் பசங்களுக்கும் மிஞ்சறது களைச்சுப் போன ஒரு மனுஷன்தான்.

ஒரு வாரத்துக்கு மூணு ரவுண்டு போதும்னு சொல்லுங்க, மூணும் நாளோட முதல் டீ டைம்ல. சீக்கிரம் போனா முன்னாடி ஆள் இருக்காது, வேகமா முடியும், மதியத்துக்குள்ள வந்துடலாம். இன்னும் ஆடணும்னா சாயங்காலம் ட்வைலைட் ரேட்ல 9 ஹோல், விலையும் கம்மி. பசங்கள கார்ட்ல கூட உக்கார வச்சு கூட்டிட்டு போக அனுமதி உண்டா, வயசு வரம்பு இருக்கான்னு ரிசார்ட்ட கேளுங்க. புட்டிங் க்ரீன், தூரம் கம்மியான பார்-3 கோர்ஸ் இருக்கற இடமா பாத்தா எல்லாரும் சேர்ந்தே ஆடலாம். செயின்ட் ஆண்ட்ரூஸ்ல ஹிமாலயாஸ்னு மேடும் பள்ளமுமா ஒரு புட்டிங் க்ரீன் இருக்கு, 1867ல பெண்களுக்காக ஆரம்பிச்ச கிளப்போடது, இன்னிக்கும் யார் வேணா போய் புட் பண்ணலாம். அவர் ஆடற ஒவ்வொரு காலைக்கும் பதிலா ஒரு மதியம் பசங்க அவர் பொறுப்பு, நீங்க ஸ்பாவோ தூக்கமோ உங்க இஷ்டம். இத சலுகையா கேக்காதீங்க, கணக்கா கேளுங்க.

இப்ப அந்த "ஒரு மணி நேரம்". காலைல மெயில திறந்தா அதுல இருக்கற பிரச்சனை நாள் பூரா மண்டையில ஓடும், பசங்க கூட பேசறப்பவும் முகம் வேற எங்கயோ இருக்கும். லேப்டாப் வீட்டுலயே இருக்கட்டும். பாக்காம முடியவே முடியாதுன்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாயங்காலம் அரை மணி நேரம், ஃபோன்லயே. உண்மையான அவசரம்னா ஆபீஸ்லேருந்து ஒரே ஒருத்தர் மட்டும் கால் பண்ணலாம், எது அவசரம்னு அவரோட முன்னாடியே பேசி வச்சுக்கணும். சட்டமே துணைக்கு இருக்கற நாடுகளும் உண்டு, பிரான்ஸ்ல 2017லேருந்தும் ஆஸ்திரேலியாவுல 2024 ஆகஸ்ட்லேருந்தும் வேலை நேரத்துக்கு அப்புறம் தொடர்புலேருந்து விலகி இருக்கற உரிமை இருக்கு. மத்த இடங்கள்ல நாமளேதான் கோடு போடணும்.

கோர்ஸ்ல குழி எத்தன யார்டு தூரத்துல இருக்குன்னு பாக்க உங்க வீட்டுக்காரர் ஃபோன் ஆப்ப திறப்பார், அந்த ஸ்க்ரீன்லயே ஆபீஸ் நோட்டிஃபிகேஷனும் வந்து நிக்கும். நிறைய பேருக்கு வேலை உள்ள நுழையறது இந்த வழியாத்தான். ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கிக் குடுங்க, இல்ல ஆபீஸ் ஆப் எல்லாத்தையும் அந்த வாரத்துக்கு லாக்-அவுட் பண்ண சொல்லுங்க. ஃபோன் பையோட அடியில கிடக்கட்டும்.

இத எல்லாம் டீ டைம் புக் பண்றதுக்கு முன்னாடியே பேசிடுங்க. பணம் கட்டின பின்னாடி நேரம் மாத்தறது பல ரிசார்ட்ல கஷ்டம், கடைசி நேரத்துல கேன்சல் பண்ணா க்ரீன் ஃபீ முழுசும் பிடிச்சுக்குவாங்க.